பி.ஆர்.பி. ஃபேஷியல்: முதல்முறை போகிறவர்களுக்கு

கோல்டு ஃபேஷியல், ஃப்ரூட் ஃபேஷியல் என்று வரிசையாக எழுதி, பட்டியலின் கடைசியில் பி.ஆர்.பி. ஃபேஷியல் என்றும் ஓர் அழகு நிலையம் போட்டிருந்தால், அங்கே அதைச் செய்துகொள்ளாதீர்கள். பெயரில்தான் ஃபேஷியல். நடப்பது, கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, ஊசி வழியாக முகத்தோலுக்குள் செலுத்தும் மருத்துவச் சிகிச்சை. செய்ய வேண்டியவர் தோல் மருத்துவர், செய்ய வேண்டிய இடம் கிளினிக். இதில் உறுதியாக இருந்தால் மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

பிளேட்லெட் என்ற சொல் டெங்கு புண்ணியத்தில் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆரோக்கியமாக இருப்பவரின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இந்தத் தட்டணுக்கள் இருக்கும். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைப்பது இவற்றின் முதல் வேலை. அடுத்த வேலை அந்த இடத்தைப் பழுதுபார்க்க ஆள் கூப்பிடுவது. தட்டணுக்களுக்குள் சின்னச் சின்னப் பைகளில் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவை வெளியே வந்ததும், அக்கம்பக்கத்துச் செல்கள் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைப் புதிதாக நெய்யவும் ரத்தநாளங்களை வளர்க்கவும் தொடங்கும். பி.ஆர்.பி. (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா) என்பது இந்தத் தட்டணுக்களைச் செறிவாக்கிய பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் மஞ்சள் நீர்ப் பகுதி. மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் அளவுக்கு இருந்தால் நல்ல தயாரிப்பு என்று பல மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இது அழகுக்காகப் பிறந்த சிகிச்சை இல்லை. 1998-ல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர், எலும்பு ஒட்டும்போது இதைப் பயன்படுத்திய ஆய்வை வெளியிட்ட பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. அங்கிருந்து விளையாட்டு வீரர்களின் மூட்டுக்கும், முடி உதிர்வுக்கும், அப்புறம் முகத்துக்கும் வந்தது. 2013-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் முகமெல்லாம் ரத்தமாக ஒரு படம் போட்டதும் ‘வாம்பயர் ஃபேஷியல்’ என்ற பெயர் உலகம் சுற்றியது. ஒழுங்காகச் செய்தால் முகம் அப்படி ரத்தக்களரியாக இருக்காது. பி.ஆர்.பி. வைக்கோல் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஊசி பட்ட இடங்களில் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான்.

முதல் படி: எதற்காகப் போகிறீர்கள்?

“முகம் பளிச்சென்று ஆகணும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் கையில் ஒரு பேக்கேஜைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். கண்ணாடி முன் நின்று, எது உறுத்துகிறது என்று ஒன்றிரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரு விட்டுப்போன குழிகள், மெல்லிய கோடுகள், சொரசொரப்பு, களையிழந்த தோல் ஆகியவற்றுக்குத்தான் இதை அதிகம் செய்கிறார்கள். பருத்தழும்பில் ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. முகத்தின் ஒரு பக்கம் நுண்ணூசியோடு (தோலில் நுண்துளைகள் போடும் மைக்ரோநீட்லிங்) பி.ஆர்.பி.யும், மறு பக்கம் நுண்ணூசியோடு வெறும் காய்ச்சி வடித்த நீரும் கொடுத்து இந்தியாவிலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பி.ஆர்.பி. பட்ட பக்கம் முந்தியது. ஆனால் நீர் பட்ட பக்கமும் நன்றாகவே தேறியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பலனில் பெரும்பங்கு ஊசியுடையது.

வெயிலாலும் வயதாலும் தளர்ந்த தோலில் கதை கொஞ்சம் மங்கல். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 27 பேரைச் சேர்த்தார்கள். ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி. ஊசி, மறு கன்னத்தில் உப்புநீர் ஊசி. எது எந்தப் பக்கம் என்று தெரியாத தோல் மருத்துவர்கள் ஆறு மாதம் கழித்து மதிப்பெண் போட்டபோது இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. போட்டுக்கொண்டவர்களோ பி.ஆர்.பி. பக்கம்தான் கூடுதலாகத் தேறியது என்றார்கள். தங்கள் தோலைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள் என்பதால் அதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் பத்து வயது குறையும் என்று விளம்பரம் சொன்னால், அதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொங்கும் தாடையையும் ஆழமான மடிப்புகளையும் இது தூக்கி நிறுத்தாது. ஊசிமுனையால் குத்தியது போன்ற ஆழக் குழிகளுக்கு வேறு சிகிச்சைகள் உண்டு. கருவளையம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குப் பல காரணங்கள். தோல் மெலிந்து சுருங்கியிருந்தால் பி.ஆர்.பி. கொஞ்சம் உதவலாம். கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்து நிழல் தட்டுகிறது என்றாலோ, ரத்தசோகையோ தூக்கமின்மையோ ஒவ்வாமையோ காரணம் என்றாலோ பணம் வீண். மங்குவுக்கு யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். சிலருக்குக் குறையும், சிலருக்குக் குத்தியதாலேயே கறுக்கும்.

நம் ஊரில் நிறையப் பேர் மனதில் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கலர் கூடுமா? கூடாது. தோலின் பொலிவு கூடலாம், நிறம் மாறாது. ‘ஃபேர்னெஸ் பி.ஆர்.பி.’ என்று விற்கும் கிளினிக்கின் மற்ற விலைப்பட்டியலையும் சந்தேகத்தோடே பாருங்கள்.

இன்னொன்று. மத்தியான வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு, சன்ஸ்கிரீன் பக்கமே போகாதவர் பி.ஆர்.பி.க்குச் செலவழிப்பதில் பொருளே இல்லை. மூன்று மாதம் சன்ஸ்கிரீனும், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் இரவு கிரீமும் ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள். அதிலேயே திருப்தியாகி, ஊசி வேண்டாம் என்று முடிவு செய்பவர்களும் உண்டு.

இரண்டாம் படி: உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா?

சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமைப் பயம் மிகக் குறைவு. இதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய நல்ல குணம். ஆனால் சொந்த ரத்தத்திலேயே சரக்கு இல்லாவிட்டால்? அதனால் முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். எந்த லேபிலும் சில நூறு ரூபாய்க்கு எடுக்கலாம். ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் குறைவாக இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். டெங்கு வந்து இப்போதுதான் தேறியிருக்கிறீர்கள் என்றால் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்து, உடம்பும் தெம்பாகும்வரை பொறுத்திருங்கள்.

கர்ப்பிணிகளுக்குச் செய்வதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தட்டணுக் கோளாறு உள்ளவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும், அல்லது தங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. முகத்தில் சீழ்ப்பருவோ உதட்டோரக் கொப்புளமோ இருக்கும் நாளில் ஊசி பட்டால் கிருமி முகம் முழுக்கப் பரவும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தடித்து வளர்ந்த தழும்பு இருந்தால் அதைக் காட்டிவிடுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்திருந்தால் எப்போது நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.

வெட்கப்பட்டுக்கொண்டு பலர் மறைப்பது, மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கிப் பூசும் கிரீமைத்தான். பெட்னோவேட் போன்ற ஸ்டீராய்டு கிரீமை நிறத்துக்காக மாதக்கணக்கில் பூசியவர்களின் தோல் மெலிந்து, தொட்டாலே சிவந்துபோகும். அந்த முகத்தில் நுண்ணூசி ஓட்டுவது ஆபத்து. ட்யூபை அப்படியே எடுத்துப் போய்க் காட்டுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: யார் கையில் முகத்தைக் கொடுப்பது

2018-ல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில், தொற்று வர வேறு எந்த வழியும் இல்லாத ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. சில மாதங்களுக்கு முன் அங்குள்ள ஒரு ஸ்பாவில் அவர் வாம்பயர் ஃபேஷியல் செய்துகொண்டிருந்தார். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது, பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையலறை மேடையிலும், குளிர்சாதனப் பெட்டியில் சாப்பாட்டுக்குப் பக்கத்திலும் இருந்தன. உறை பிரித்த சிரிஞ்சுகள் இழுப்பறைகளில் கிடந்தன. கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவே அங்கே இல்லை. அந்த இடத்துக்குப் போன இன்னும் சிலருக்கும் தொற்று இருந்தது. அழகு ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவான முதல் நிகழ்வு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதைப் பற்றி 2024-ல் அறிக்கை வெளியிட்டது. உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததற்காக அதன் உரிமையாளருக்கு மூன்றரை ஆண்டு சிறை.

ஆக, கவலைப்பட வேண்டியது குழாயையும் ஊசியையும் பற்றி. கிளினிக்கில் இதையெல்லாம் கேளுங்கள்: ஊசி போடப்போவது யார், மருத்துவரா உதவியாளரா? அவர் தோல் நோய்ப் பிரிவில் எம்.டி. அல்லது டிப்ளமோ படித்தவரா? பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் சில வாரச் சான்றிதழ் படிப்பு மட்டும் இருக்கக்கூடும். என் பெயர் எழுதிய குழாயில்தான் ரத்தம் எடுப்பீர்களா? டெர்மாபென் (நுண்துளை போடும் பேனா மாதிரியான கருவி) ஊசிமுனையை என் முன்னால் உறை பிரிப்பீர்களா? ஒரே நேரத்தில் இன்னொருவர் ரத்தமும் அந்த இயந்திரத்தில் சுழலுமா?

இப்படிக் கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல கிளினிக்கில் கேட்பதற்கு முன்பே காட்டுவார்கள். கோபித்தால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

நான்காம் படி: முந்தைய வாரம்

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள் தட்டணுக்களை மந்தமாக்கும் என்பதால் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மீனெண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளும் அப்படியே. தலைவலி வந்தால் பாராசிட்டமால் போதும். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் முகத்துக்காக அதை நிறுத்தவே கூடாது. அந்த முடிவு இதய மருத்துவருடையது.

ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் போன்ற கிரீம்களை மூன்று முதல் ஐந்து நாளுக்கு முன் நிறுத்துங்கள். த்ரெட்டிங், வாக்ஸிங், ப்ளீச் எதுவும் அந்த வாரம் வேண்டாம். புகைப்பவர்கள் நிறுத்தினால் தோலுக்கு நல்லது, மற்றதுக்கும் நல்லது.

அன்று காலை பட்டினியாகப் போகாதீர்கள், ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வரும். அதற்காக முந்தின இரவு பிரியாணியும் காலையில் நெய் ரோஸ்ட்டும் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். கொழுப்பு கூடினால் பிளாஸ்மா பால்போலக் கலங்கி வரும். நாலு இட்லி, நிறையத் தண்ணீர், சரியாக இருக்கும். மேக்கப் இல்லாத முகத்தோடு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையில் போனால் வீட்டுக்கு வந்ததும் தலைவழியாகக் கழற்றும் அவஸ்தை இருக்காது.

ஐந்தாம் படி: அந்த நாள்

மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுப்பார்கள். எடுக்காவிட்டால் நீங்களே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு முகம் கழுவி, மரத்துப்போகும் கிரீமைப் பூசி முக்கால் மணி நேரம் உட்காரவைப்பார்கள். நேரத்தை மிச்சம்பிடிக்க வீட்டிலேயே இந்தக் கிரீமை அப்பிக்கொண்டு போவது தப்பு. அதில் இருக்கும் லிக்னோகெயின் அளவுக்கு மீறி உள்ளே போனால் படபடப்பும் வலிப்பும்கூட வரலாம்.

கிரீம் ஊறும் நேரத்தில் கையிலிருந்து 10 முதல் 20 மி.லி. ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்த்த குழாயில் பிடித்து, சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுழற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் இறங்கும், மேலே மஞ்சள் பிளாஸ்மா நிற்கும், இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஏடு. தட்டணுக்கள் குவிவது அந்த ஏட்டையும் அதையொட்டிய பிளாஸ்மாவையும் சுற்றித்தான். சில இடங்களில் ஒரே சுற்று, சில இடங்களில் இரண்டு சுற்று. கடைசியில் கையில் வருவது சில மி.லி. மட்டுமே. எடுத்த ரத்தத்தில் பாதி அளவுக்கு மஞ்சள் நீர் இருக்கிறது, அத்தனையும் பி.ஆர்.பி. என்றால், அதில் செறிவு ஒன்றும் இருக்காது. சிவப்பாகக் கலங்கி வந்தாலும் நல்லதில்லை, சிவப்பணு கலந்தால் வலியும் வீக்கமும் கூடும்.

முகத்தில் செலுத்த இரண்டு முறைகள். ஒன்று மைக்ரோநீட்லிங். பேனா மாதிரியான கருவி தோலில் நுண்துளைகள் போட்டுக்கொண்டே போகும், மேலே பி.ஆர்.பி.யைச் சொட்டுவார்கள். நெற்றியிலும் கண்ணோரத்திலும் அரை மில்லிமீட்டர் போதும். கன்னத்துத் தழும்புகளில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வரை போவார்கள். நெற்றி எலும்பில் ஓடும்போது கொஞ்சம் வலிக்கும், மூக்கின் மேல் கண்ணீர் வரும். மற்ற இடங்களில் சமாளிக்கலாம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் லேசரைவிட இந்த முறையில் தோல் கறுத்துப்போகும் அபாயம் குறைவு. நம் ஊர்த் தோலுக்கு இதை நான் முதலில் சொல்வதற்கு அதுதான் காரணம்.

மற்றொன்று மெல்லிய ஊசியால் நேரடியாகத் தோலுக்குள் சின்னச் சின்னதாகப் போடுவது. கண்ணுக்குக் கீழே பெரும்பாலும் இப்படித்தான். இங்கே அனுபவம் மிக முக்கியம். கண்ணைச் சுற்றியும் புருவ நடுவிலும் போட்ட ஊசி ரத்தநாளத்துக்குள் போய்ப் பார்வை பறிபோன நிகழ்வுகள் மிக அரிதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஊசி போடும்போதே கடுமையான வலி, பார்வை மங்கல், தோல் வெளுத்துப்போதல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

துளை போட்ட முகத்தில் வைட்டமின் சி, வேறு சீரம் என்று இலவசமாகச் சேர்த்துப் பூசுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மேலே பூசத் தயாரித்தவை தோலுக்குள் இறங்கும்போது கட்டிகட்டியாகத் தடித்த நிகழ்வுகள் உண்டு.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

அன்று வெயிலில் நாளெல்லாம் நின்றவர் முகம் போலச் சிவந்து எரியும். ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும். கண்ணுக்குக் கீழே ஊசி போட்டிருந்தால் வீக்கமும் நீலமும் ஒரு வாரம் இருக்கலாம். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் முகத்தில் தண்ணீர் படாமல் வைத்திருக்கச் சொல்வார்கள், சிலர் மறுநாள் காலை வரை என்பார்கள். உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு. வீங்குகிறதே என்று ஐபுபுரூஃபன் போட்டுக்கொள்ளாதீர்கள், வீக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

நம் வீடுகளில் சிவந்த முகத்தைப் பார்த்ததும் யாராவது ஒருவர் மஞ்சளையோ கற்றாழையையோ எடுத்துக்கொண்டு வருவார். அன்போடு மறுத்துவிடுங்கள். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், முல்தானி மட்டி எதுவும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். குங்குமம், திருநீறு, ஒட்டுப்பொட்டு இரண்டு நாளுக்கு வேண்டாம். ஆண்கள் இரண்டு நாள் சவரம் செய்யாமல் இருப்பது நல்லது. வியர்க்கும் உடற்பயிற்சி, நீச்சல், அடுப்பு முன் நெடுநேரம் நிற்பது இவற்றை ஓரிரு நாள் தள்ளிவையுங்கள். மென்மையான முகக்கழுவி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், மறுநாளிலிருந்து எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். இந்த நாட்களில் வெயில் பட்டால் நம் தோல் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். கத்திரி வெயில் காலத்தில் இந்தச் சிகிச்சையைத் தொடங்காமல் இருந்தால் பாதிக் கவலை மிச்சம்.

மூன்று நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், சீழோ காய்ச்சலோ கொத்தாகக் கொப்புளங்களோ வந்தால், கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் காத்திருக்காமல் நேரில் போங்கள்.

ஏழாம் படி: எத்தனை சிட்டிங், எவ்வளவு பணம்

வழக்கமாக நாலு வார இடைவெளியில் மூன்று சிட்டிங். தழும்புக்குக் கூடுதலாகவும் ஆகலாம். புதுக் கொலாஜன் உருவாக வாரங்கள் பிடிக்கும் என்பதால் முதல் வாரப் பளபளப்பை நம்ப வேண்டாம், அதில் பாதி வீக்கம். உண்மையான மாற்றம் ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும். கல்யாணத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் தை முகூர்த்தத்துக்கு ஆவணி, புரட்டாசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின இரண்டு வாரத்தில் முகத்தில் எந்த ஊசியும் படக் கூடாது.

நம் நகரங்களில் ஒரு சிட்டிங்குக்குப் பெரும்பாலும் ஐந்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கேட்கிறார்கள். மருத்துவக் காப்பீடு இதற்குக் கிடைக்காது. இரண்டாயிரத்துக்குச் செய்கிறோம் என்றால், அந்த விலையில் புதுக் குழாயும் புது ஊசிமுனையும் மருத்துவரின் நேரமும் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யோசியுங்கள். ஜி.எஃப்.சி., எக்ஸோசோம், சால்மன் டி.என்.ஏ. என்று மேலே மேலே விலையேற்றிச் சொல்வார்கள். ஜி.எஃப்.சி. என்பதும் உங்கள் ரத்தம்தான். தனிக் குழாயில் வளர்ச்சிக் காரணிகளை வெளியேற வைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். மற்ற இரண்டும் உங்கள் ரத்தத்திலிருந்து வருபவை அல்ல. முதல்முறை போகிறவர் அவற்றில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆறு சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினால் இரண்டு இலவசம் என்பார்கள். ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். மூன்றாவது முடிந்து ஆறு வாரம் கழித்து, அதே அறையில், அதே வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல் மறுபடி படம் எடுத்து முதல் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை தொடரலாம். தெரியவில்லை என்றால் நாலாவதுக்குப் பணம் கட்டாமல், வேறு என்ன வழி என்று மருத்துவரிடம் கேளுங்கள்.